பதினொரு கிலோ

கரடிக்குக் கேட்கட்டும் என்று
இடுப்பில் மணி கட்டிக்கொண்டோம்.
வனத்துறை கொடுத்த சீட்டு பிளாஸ்டிக் உறைக்குள்:
மூன்று பேர், ஒரு நாள், கைச்சுத்தியல் மட்டும்.

ஜூன் மாதத்து முதல் ஞாயிறு.
ஹொக்கைடோ மலைகளில் பனி உருகிய வெள்ளம்
போன வாரம்தான் வடிந்திருந்தது.
வெள்ளம் கரையைத் தின்றால்தான்
எங்களுக்கு இலை போடும்.

குளிர்காலம் முழுக்க நான்
பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறேன்.
நேற்றுத் தள்ளியதை இன்றும் தள்ளுவேன்.
அதனால்தானோ என்னவோ
ஒரே தரம் புதைந்து
பேசாமல் கிடக்கிறவற்றின் மேல்
இவ்வளவு ஆசை.

ஓடை திரும்பும் இடத்தில்
சாம்பல் நிறச் சேற்றுப்பாறை.
நகம் பட்டால் உதிர்கிறது.
உதிராமல் முட்டிக்கொண்டு நிற்கும் உருண்டைகளைத்தான்
தேட வேண்டும்.
அவற்றில் ஏதோ ஒன்றுக்குள்
அம்மோனைட் இருக்கலாம்.
இருக்கலாம் என்ற சொல்லை நம்பி
தொடை வரை குளிர்ந்த நீரில் நடக்கிறோம்.
கொஞ்ச நேரத்தில் கண் கெட்டுப்போகிறது:
எதிர்க்கரையில் புதைந்த லாரி டயர்,
கிகுயேயின் தொப்பி,
எல்லாமே வட்டம், எல்லாமே சந்தேகம்.

ஒன்பது மணிக்கு உடைத்தது வெறும் கல்.
பத்தேகாலுக்குப் பாதிச் சிப்பி.
அப்புறம் மேலே எங்கோ
டொக், டொக் என்று பாறையில் இரண்டு தட்டு.
தத்சுனோரி அப்படித்தான் கூப்பிடுவான்.

தர்பூசணி அளவு.
ஓரத்தில் விலா எலும்பு போல
வெள்ளையாக மூன்று கோடு.
இங்கேயே உடைத்தால் நொறுங்கலாம்,
வீட்டுக்குப் போய்ப் பொறுமையாக, என்றான்.
தூக்கிப் பார்த்து, "பதினொன்று" என்றான்.
எரிவாயு உருளை போடுகிறவன்;
எடையில் அவன் கை பொய் சொன்னதில்லை.
என் முதுகில் ஏற்றினான்.

மதியம்.
எங்கள் உருண்டைகளைப் பிரித்தோம்:
சோறு, நடுவே உப்பில் ஊறிய பிளம்.
இதில் மட்டும் உள்ளே என்ன என்று தெரியும்
என்றாள் கிகுயே.
பள்ளிக்கூடத்துச் சமையல்காரி,
அவள் பிடித்த சோறு.
சொல்லிக்கொண்டே
கால்மாட்டிலிருந்து எதையோ எடுத்தாள்.

கட்டைவிரல் அளவுகூட இல்லை.
சுத்தியல் படாமல்
மழையே உடைத்துக் கொடுத்தது.
தோட்டத்துக் குழாயை
அவசரத்தில் சுருட்டி எறிந்தது போல
வளைந்து, மனசு மாறி, திரும்பி,
தன் மேலேயே இடறி விழுந்த சுருள்.
"பாவம், இதற்குச் சுருளத் தெரியவில்லை."

தத்சுனோரி கேட்டு வாங்கினான்.
உருப்பெருக்கியை எடுத்தான்.
பத்தொன்பது வருஷமாக
இந்த ஒரு வகைக்காகத்தான் வருகிறான்;
எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.
அவன் கட்டைவிரல்
அந்தச் சிக்கலின் மேல் ஒருமுறை போய்
அதே வழியில் திரும்பி வந்தது.
கண்டவருக்கே சொந்தம்,
எங்கள் ஒரே சட்டம்.
"நல்லது. பத்திரமாக வை" என்று மட்டும் சொல்லிக்
கொடுத்துவிட்டான்.
அவள் அதைக் காலி டப்பாவில் போட்டாள்,
பிளம் கொட்டைகளோடு.

வண்டியை நெருங்கியதும்
பதினொரு கிலோவுக்குப் பொறுமை தீர்ந்தது.
எனக்கும்தான்.
மூன்றாவது அடியில் விரிந்தது.
முதலில் பெட்ரோல் வாசனை,
ஒன்பது கோடி வருஷமாக அடக்கிய ஏப்பம்.
பிறகு மரம்.
கடலில் மிதந்த ஏதோ கட்டை,
புழு துளைத்த துளையெல்லாம் அப்படியே,
விலா எலும்பு என்று நம்பிய கோடு
கட்டையின் வெடிப்பு.

கிகுயே சிரித்தாள், நானும் சிரித்தேன்.
தத்சுனோரி இரண்டு பாதியையும்
பொருத்தி மூடி
சாலையோரம் வைத்தான்,
யாரோ திரும்ப வந்து கேட்பார்கள் என்பது போல.

திரும்பும் வழியில் யாரும் பேசவில்லை.
பின்னிருக்கையில் டப்பாவுக்குள்
கொட்டையும் கல்லும் கிலுகிலுத்தன.
ஒவ்வொரு பள்ளத்துக்கும்
அவன் வேகத்தைக் குறைத்தான்.
அன்று வண்டியில்
உருளைகள் எதுவும் இல்லை.