கையெழுத்து இருந்தால் பெட்டி வரைக

பொம்மனஹள்ளியில் கிரானைட் கடைக்கு மேலே
மூன்றாம் மாடி. இரவு ஷிப்ட்.
ஒரு படத்துக்கு ஒரு ரூபாய் பத்துப் பைசா.
என்ன தெரிகிறது என்று எழுத வேண்டும்,
அழகாயிருக்கிறதா என்று எழுதக் கூடாது.

நாய். குடை. மழை. நீர்வண்ணம்.
பெண், அமர்ந்த நிலை. எண்ணெய்ச் சாயம்.
கையெழுத்து இருந்தால் சுற்றிப் பெட்டி வரைக.
பெட்டிக்குள் இருப்பதை மென்பொருள் அழித்துக்கொள்ளும்,
அழித்த இடத்தில் பக்கத்துப் புல்லை இழுத்துப் போர்த்தும்.

கை பழகிவிட்டது எனக்கு.
வலது கீழ் மூலைக்கு மவுஸ் தானாகவே போகும்,
சோற்றில் கறிவேப்பிலையை ஒதுக்கும் விரல் மாதிரி.

இரண்டே கால் மணிக்கு வந்தது
முதலை.

பல் துலக்கும் முதலை. வாய் நிறைய நுரை.
தோளில் துண்டு. வால் மட்டும் நீலம்.

ஈஜிபுரா பல் டாக்டர் சுவருக்கு
நான் வரைந்தது. ஆறு வருஷம் இருக்கும்.
வாலுக்கு வரும்போது பச்சை தீர்ந்துவிட்டது.
அன்றைக்குக் காவிரி பந்த்.
ஆஸ்டின் டவுனில் ஒரு ஷட்டர் தூக்கவில்லை;
தூக்கியிருந்தாலும் அன்றைக்குப் போய்
தமிழில் பச்சை கேட்க முடியாது.
டப்பாவில் மிச்சமிருந்தது நீலம்.
"என்னம்மா, நீல வாலா?" என்றார் டாக்டர்.
"அது அப்படித்தான் சார்" என்றேன்.
பேசிய தொகையில் ஐந்நூறு பிடித்துக்கொண்டார்.
வந்த பிள்ளைகளெல்லாம் வாலைத்தான் தடவினார்களாம்,
அந்த உயரத்தில் மட்டும் சாயம் வெளுத்துப்போனதாம்.
பிற்பாடு அவரே சொன்னார்.
ஐந்நூறைப் பற்றிச் சொல்லவில்லை.

பல்வலியோடு காத்திருந்த யாரோ
போனில் எடுத்திருக்க வேண்டும்.
அங்கிருந்து இங்கே எந்த வழியாக வந்தது,
கேட்க இந்த மாடியில் ஆளில்லை.

விலங்கு: முதலை.
நடை: வேடிக்கை, சிறுவர்.
வால்: நீலம்.
ஏன் என்பதற்குக் கட்டம் இல்லை.
இனி எங்கேயோ ஒருவர்
'சிரிக்கிற மாதிரி ஒரு முதலை' என்று தட்டினால்
நீல வாலோடு அது வரக்கூடும்,
பந்த் இல்லாத ஊரில்,
பச்சையே தீராத கணினியில்.

வரைந்தவர் என்ற இடத்தில்
தேர்ந்தெடுக்க இருப்பது ஒரே சொல்: தெரியவில்லை.
குறிப்புக்கான இடத்தில் தட்டினேன்,
ஸ்டெல்லா அமலோற்பவம்.
சிவப்பில் ஒரு வரி எழுந்தது:
தனிநபர் தகவலைப் பதிய வேண்டாம்.
உங்கள் அந்தரங்கத்தை நாங்கள் மதிக்கிறோம்.

மூலையில் ஓர் எறும்பு உண்டு.
உற்றுப் பார்த்தால் 'அ'.
சுழியைத் தலையாக்கி, காலை இழுத்துவிட்டது.
அது என் கையெழுத்து என்பது
இந்த நாற்காலியில் இருப்பவளுக்கு மட்டும் தெரியும்.
கையெழுத்து என்று சொன்னால் அழியும்.
எறும்பு என்று சொன்னால் பிழைக்கும்,
பூச்சியாக.

அப்போதுதான் நினைவுக்கு வந்தன
இதுவரை நான் பெட்டி போட்ட
நாலாயிரத்துச் சொச்சம் மூலைகள்.
ஒன்றில் எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்து.
ஒன்றில் பெயருக்குப் பதில் பெருவிரல் ரேகை.
ஒன்றில் தமிழில், 'சரோவுக்கு, கோபம் தீர'.
அதையும்தான்.
டீ குடித்துக்கொண்டே.

வழிமுறையைத் திரும்பப் படித்தேன்.
கையெழுத்து எதுவரை இருக்கிறதோ
அதுவரை பெட்டி வரைக.
இடது மேல் மூலையில் அழுத்தி
வலது கீழ் மூலை வரை இழுத்துவிட்டேன்.
நுரை, துண்டு, பல், எறும்பு,
ஐந்நூறு ரூபாய், பந்த்.

நாகேந்திரா திருப்பி அனுப்பினார்:
பெட்டி பெரிதாக இருக்கிறது, சரி செய்யவும்.
அளந்துதான் போட்டேன் சார் என்று எழுதி
அப்படியே அனுப்பினேன்.
மறுபடி வந்தது. மறுபடி அனுப்பினேன்.
ஒரு ரூபாய் பத்துப் பைசா போயிற்று.

அடுத்த படம்.
கடல். படகு. வலை உலர்த்தும் ஒருவர்.
மவுஸ் வழக்கம்போல் மூலைக்கு ஓடியது;
பிடித்து நிறுத்தினேன்.
படகின் அடிப்பக்கம், அலையின் மடிப்பு,
வலையின் ஒவ்வொரு கண்ணாக
யார் நீ என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.
ஷிப்ட் முடிய இன்னும் மூன்று மணி நேரம்.