எண்ணூறாம் நம்பர் உப்புத்தாள்

வெளிச்சம் பத்தலை, இனி நைட் ஷிப்ட் வேண்டாம்
என்றார் தயாளன், புதன்கிழமை.
கார் விளக்கைத்தான் சொன்னார்.
இரண்டாயிரத்து ஏழாம் வருடத்து மைவி,
இரண்டு கண்ணிலும் புரை.
நான் பதில் சொல்லவில்லை.
அதன்பிறகு அவரும் எதுவும் கேட்கவில்லை.

போன வருடம் பற்பசை தேய்த்தேன்.
தீபாவளிக்குப் பளிச்சென்று இருந்து
தைப்பூசத்துக்குள் மங்கிவிட்டது.
பக்கத்து வீட்டு சைத்தோன் அக்கா
கொசு மருந்து அடிக்கச் சொன்னார்.
அடித்தேன். ஒரு ராத்திரிக்குக் கண்ணாடி.
மறுநாள் தாமானின் தூசி முழுக்க
பாகில் விழுந்த ஈயாக அதன்மேல்.

ஆகவே ஆ கியோங் ஸ்பேர்பார்ட்ஸ் கடை.
எண்ணூறு, ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம்,
ஒரு டப்பி பாலிஷ்,
வெயில் தாங்கும் பூச்சு ஒரு புட்டி.
முப்பத்தெட்டு ரிங்கிட்.
யாருக்கு, உன் புருசனுக்கா? என்றான்.
காருக்கு, என்றேன்.

ஞாயிறு. போர்ச்சில் குந்தி,
பெயிண்டில் கீறல் படாதபடி சுற்றிலும் நாடா ஒட்டி,
வாளியில் தாளை ஊறவைத்து
எண்ணூறில் தொடங்கினேன்.
வழிந்த தண்ணீர் முதலில் மஞ்சள், அப்புறம் வெள்ளை.
கித்தாப்பால் மாதிரி என்று சொல்ல
இந்த பகாவ் பக்கம் ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.
நான் மரம் வெட்டியவள் இல்லை.
செம்பனை மில் லேபில்
எண்ணெயில் கலங்கல் பார்ப்பவள்.
கலங்கல்தான் எனக்குச் சம்பளம்.

ஒன்றை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.
முதல் தாள் முடிந்ததும்
விளக்கு முன்னைவிடக் குருடாகிவிடும்.
கோலமாவு அப்பியதுபோல வெளுத்து நிற்கும்.
அங்கே கையெடுத்தால்
இருந்ததும் போச்சு.
சரியாக அந்த நேரம் பார்த்துத்தான்
கிரில்லைத் தள்ளிக்கொண்டு அவர் வெளியே வந்தார்.
கெடுத்திட்டியா?
நாலு நாளில் முதல் வார்த்தை.
இன்னும் ரெண்டு தாள் இருக்கு, என்றேன்.

ஆயிரத்து ஐந்நூறு. குறுக்குவாட்டில்.
இரண்டாயிரத்தில் தோள்பட்டை கழன்றே விட்டது.
பாலிஷ் போட்டுத் துடைத்து, பூச்சைத் தடவும்போது
மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது.
பூச்சு காய வெயில் வேண்டும்.
தயாளன் ஒன்றும் பேசாமல்
கொடியில் கிடந்த என் மில் சீருடையை எடுத்து உள்ளே போட்டார்.
திரும்பி வந்தபோது கையில் ஹேர் டிரையர்.
இன்னொரு கையில்
இரண்டு வருடமாக நான் தேடிக்கொண்டிருந்த
எக்ஸ்டென்ஷன் வயர்.

இடது விளக்கில் பல்பின் கம்பிச்சுருள் வரை தெரிந்தது.
வலதில், உள்பக்கமாக, ஓர் ஓரத்தில் பனி.
எந்த மழையில் புகுந்த ஈரமோ.
எத்தனையாம் நம்பர் தாளும்
வெளியிலிருந்து அதற்கு எட்டாது.
அவரும் குனிந்து பார்த்தார், வெகுநேரம்.
அது கிடக்கட்டும், என்றார்.

இரவு பத்தரை. ரொம்பின் ரோட்டிலிருந்து திரும்பி
எஸ்டேட் மண்சாலை.
மட்டை மட்டையாகச் செம்பனை எழுந்து வந்தது.
குலை லாரி சிந்திய பழங்கள்,
யாரோ கழற்றி மறந்த ஒற்றைப் பூட்ஸ்,
குழிகள்.
இத்தனை வருடம் பழக்கத்தில் ஒதுங்கிப் போன குழிகள்.
என்ன ஆழம்!
முன்பு வராத ஒரு பயம் வந்தது.
வீட்டில் இதைச் சொல்லப்போவதில்லை.

மில் வாசலில் நேப்பாளி கார்டு பிஷ்ணு
முழங்கையால் முகத்தை மறைத்துக்கொண்டு
மலாயில் கத்தினான்:
கக்கா, லைட்டை இறக்கு, லைட்டை இறக்கு!

இறக்கினேன்.
கொஞ்சம் தாமதித்துத்தான்.