வெறுங்கை ரெய்டு

முதல் நான்கு ஆட்டமும் தோற்றோம்.
ஐந்தாவதற்கு முந்தின நாள்
ஷூ கம்பெனி மேனேஜர் காட்பாடி லாட்ஜுக்கு வந்தார்,
ஃபேனை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பேசினார்.
அடுத்த மாதச் சம்பளம், பார்த்துச் சொல்வதாக.
சித்திரை மாதம். வேலூர் வெயில்.
அவர் போன பிறகும்
ஃபேனைப் போட ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

பாலாறு ஸ்டார்ஸ் எங்கள் பெயர்.
ஆத்துல தண்ணி இல்ல, டீம்ல ஆளு இல்ல என்று
திண்டுக்கல்காரர்கள் கத்துவார்கள்.
மணலையும் அள்ளிட்டானுங்க, அதையும் சேர்த்துக்கத்து
என்பான் முனிரத்தினம், எங்கள் இடது கார்னர்.
கணுக்கால் அவன் கைக்குள் போனால்
மாவுக்கட்டு.

ஐந்தாவதில் வென்றோம். எப்படியென்று கேட்டால் தெரியாது.
கோச் ஏசுபாதம் எதையும் மாற்றவில்லை,
லாட்ஜை மட்டும் மாற்றினார்.
பிறகு ஆறு. ஏழில் சமன். எட்டு, ஒன்பது, பத்து
என்று வந்துகொண்டே இருந்தது,
ராணிப்பேட்டை தோல் ஷாப்பில் மெஷின் ஓட்டும் பையன்கள்
ஷிப்ட் முடிந்து குளிக்காமலே வந்தார்கள்,
அரங்கில் அவர்களைச் சுற்றி இருக்கை காலியாக இருந்தது முதலில்.
பிறகு அதுவும் நிரம்பிவிட்டது.

நான் பன்னிரண்டு பேரில் பன்னிரண்டாவது.
தண்ணீர் பாட்டில், ஈரத்துண்டு,
பஷீரின் வலது தோளுக்கு ஸ்ப்ரே.
ஜெயித்த இரவுகளில் ஆம்பூர் பிரியாணிக்கு
தலை எண்ணுவதும் நான்தான்.
என்னைச் சேர்த்து எண்ண
இரண்டு முறை மறந்திருக்கிறேன்.

அரையிறுதியில் முனிரத்தினத்தின் முட்டி போனது.
பெரிய ஆஸ்பத்திரி வரிசையில்
வங்காளத்துக் குடும்பம் ஒன்று எங்களையே பார்த்தது.
தகப்பன் என் ஜெர்ஸியைத் தொட்டு
ஹா-டு-டு, ஹா-டு-டு என்றான்,
அவன் ஊரில் அப்படித்தான் பாடுவார்களாம்.
மடியில் மகள், தலையில் முடி இல்லை,
அவளும் மெதுவாகச் சொன்னாள்.
முனிரத்தினம் வலியோடு சிரித்தான்.

இறுதி ஆட்டம். முப்பத்தொன்று, முப்பது.
ஒரு புள்ளி எங்கள் பக்கம்,
மீதி இருபத்தொன்பது வினாடி,
ரெய்டு எங்களுடையது,
பஷீரின் தோள் கழன்று கிடக்கிறது.
ஏசுபாதம் பெஞ்சைப் பார்த்தார்.
பெஞ்சில் நான்.

யாரையும் தொடாத. கோட்டத் தாண்டு. நேரம் முடியட்டும். வா.
அவ்வளவுதான் சொன்னார்.

நடுக்கோட்டைத் தொட்டுக்கொண்டு போனேன்.
கபடி கபடி என்பது
என் குரல்தான் என்று தெரிய ஐந்து வினாடி ஆயிற்று.
தடுப்புக்கோட்டுக்கு அப்பால் இடது கால், உடனே பின்னால்.
அவர்களுடைய வலது கார்னருக்கு ஷூ லேஸ் அவிழ்ந்திருந்தது,
அவன் அதை ஒரு கணம் பார்த்தான்,
தோள் திறந்து கிடந்தது,
ஒரு விரல் போதும்,
மறுநாள் பேப்பரில் என் பெயர்.
கை நீண்டது. மடக்கினேன்.
மூச்சு அடிவயிற்றில் சுட்டது.
சங்கிலி போட்டு மூவர் நெருங்க
நான் பின்னங்காலில் வந்துகொண்டிருந்தேன்,
சந்தையில் கடனாளியைப் பார்த்துவிட்டவன் நழுவுவதுபோல.
ஹூட்டர் அடித்தது.

என்மேல் எட்டுப் பேர் விழுந்தார்கள்.
அதில் கட்டுக்காலோடு ஒருவன்.

குடியாத்தத்திலிருந்து சம்பங்கி அக்கா போன் செய்தாள்.
டிவியில் பார்த்தாளாம்.
இன்னாடா, நீ ஒண்ணுமே பண்லயே, சும்மா போயிட்டு வந்த?
ஆமாக்கா என்றேன்.

கம்பெனி ஆளுக்கொரு ஜோடி ஷூ கொடுத்தது,
ஜெர்மனிக்குப் போகவேண்டியது, தையலில் எங்கோ பிசகு.
எனக்கு ஒரு அளவு பெரிது.
முன்னால் காகிதம் அடைக்க
ஸ்கோர் ஷீட்டின் நகலைக் கிழிக்கப் போனேன்.
என் பெயருக்கு நேரே ரெய்டு ஒன்று, புள்ளி சுழியம்.
அதை எடுத்து வைத்துவிட்டு
லாட்ஜ் பில்லை அடைத்தேன்.