ரத்த சம்பந்தம்

குடியாத்தத்திலிருந்து முதல் பஸ்.
பவுனு ஜன்னல் கம்பியைப் பிடிக்கவில்லை,
பிடிக்க வராது.
பள்ளிகொண்டா வரைக்கும் அவள் இடுப்பைச் சுற்றி
என் கைதான் கம்பி.

வேலூர் ஆஸ்பத்திரி, மூன்றாவது மாடி.
சரவாங்கி, என்றாள் இவள்.
டாக்டரம்மா தலையாட்டிவிட்டு
வேறொரு பேர் எழுதினார்.
“வீட்டுல யாராவது பீடி பிடிப்பாங்களா?”
பிடிக்கிறதில்லைங்க, சுத்துறோம்.
நாளைக்கு ஆயிரம்.
இவள் இப்போது முந்நூறு,
அதுவும் வெயில் ஏறின பிறகு.
விடியற்காலையில் இவள் விரல்
ஊறாத இலை,
மடித்தால் விண்டுபோகும்.

வெளியே ஃபாரத்தோடு ஒரு பெண்,
கழுத்து அட்டையில் ஹெப்சிபா.
இந்த ஜில்லாக்காரர்களில்
யாருக்கு வருகிறது, யாரை விட்டுவிடுகிறது,
ரத்தத்துக்குள் எழுதியிருக்கிறதாம், படிக்கிறார்களாம்.
நோய்க்காரர் ஒரு குழாய்,
ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர் ஒரு குழாய்.
“நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?”
நாத்தனார்.
“அப்ப ரத்த சம்பந்தம் இல்ல”
டிக் போடப் போனாள்.

இரும்மா.
இவளைப் பெற்றவள் என் அப்பாவுக்கு அக்கா.
இவள் அப்பன் என் அம்மாவுக்கு
ஒன்றுவிட்ட அண்ணன்.
இவளைக் கட்டினவன் என் கூடப் பிறந்தவன்,
என்னைக் கட்டினவன் இவள் கூடப் பிறந்தவன்.
பெண் கொடுத்துப் பெண் எடுத்தது,
ஒரே பந்தல், ஒரே சாப்பாட்டுச் செலவு.

பேனா அப்படியே நின்றது.

வைகாசியில் எங்கள் ஊருக்கு வாருங்கள்.
கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் வரும்.
தலை ஒருத்தியுடையது, உடம்பு இன்னொருத்தியுடையது.
அவளிடம் நீட்டிப் பாருங்கள் இந்த ஃபாரத்தை.

ஹெப்சிபா சிரித்துவிட்டாள்.
மஞ்சளில் வேறொரு ஃபாரம் எடுத்தாள்:
குடும்பத்தில் நோயில்லாதவர்.
பக்கத்தில் சின்ன எழுத்தில், இதுவரை.

ஊசி உடனே நரம்பைக் கண்டுபிடித்தது.
பவுனுவுக்கு நான்கு இடத்தில் குத்தினார்கள்.
இரண்டு குழாயும் ஒரே தட்டில்,
எது யாருடையது என்று
எண்ணைப் பார்த்தால்தான் தெரியும்.

என்னுதுல இருந்தா சொல்லுவீங்களா?
“சொல்ல மாட்டோம்க்கா. இருக்கிறவங்க எல்லாருக்கும் வராது.”
சொல்லிவிட்டுத் தன் விரல்களை
ஒவ்வொன்றாகச் சொடுக்கிக்கொண்டாள்.

திரும்பும்போது பாலாற்றில் மணல்தான்.
பவுனு என் தோளில் தூங்கினாள், எச்சில் வடிய.
இவளிடம் எனக்குப் பழைய சண்டை ஒன்று உண்டு,
ஒரு கம்மல் விஷயம்.
எழுப்பவில்லை.

மறுநாள் விளக்குப் போடுவதற்கு முன்னால்
பாயில் கிடந்தபடி கையை மூடிப் பார்த்தேன்.
மூடியது.
இன்னொரு தடவை மூடிப் பார்த்தேன்.
சுவருக்கு அந்தப் பக்கம்
தண்ணீர்ச் சொம்பு உருண்டது.