கவிஞா

கச்சேரியில் காலை எட்டு மணிக்கே
நாற்பத்தாறாம் இலக்கத் துண்டு என் கையில்.
பாட்டில்லாத கச்சேரி. மின்விசிறி மட்டும்
கட்டைச் சுருதியில் இழுத்துக்கொண்டிருந்தது.
பதினொரு மணிக்குப் பதினாறாம் இலக்கம்.
"போய் ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு வாங்கக்கா" என்றான்
பக்கத்தில் இருந்த லுணுகலைப் பையன்.
உயிரோடிருக்கும் தகப்பனைச்
செத்ததாகப் பதிந்துவிட்டார்களாம். அவன் வழக்கு அது.

என் வழக்கு ஓர் எழுத்து.
எழிலரசி என்று பெயர் வைத்தார்கள்.
பதிவுக்காரர் காதில் எப்படி விழுந்ததோ
எலியரசி என்றெழுதிக் கையொப்பமும் இட்டுவிட்டார்.
பள்ளிக்கூடத்தில் கீச்சுக் கீச்சு என்றார்கள். சரி.
கலியாணப் பதிவில் மாப்பிள்ளையே சிரித்தார். சரி.
இருபத்திரண்டு வருசம் பிள்ளை மடுவத்தில்
அடுத்தவள் பிள்ளைக்குச் சளி துடைத்துச் சேர்ந்த
சேமலாப நிதி எழில் பேரில்,
அடையாள அட்டை எலி பேரில்.

பஸ் நிலையத்துக்குத் திரும்பும் முடக்கில்
புதிதாக ஒரு தூபி.
கருங்கல், சுற்றிச் சங்கிலி, மேலே ஏழு வெண்கலத் தலைகள்.
தேசத்தின் கவிஞர்களாம்.
ஆறு பேருக்கு மீசை. ஒருவருக்குக் கொண்டை.
மூக்குக்கண்ணாடிக்காரரின் ஒரு பக்கச் சட்டத்தை
யாரோ கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டிருக்கவேண்டும்.
பெண் என்று யாருமில்லை.
எங்கள் பக்கத்து முகம் இருக்கிறதா என்று
நான் தேடவில்லை.
தேடினேன். இல்லை.

கீழே மூன்று மொழியில் பொறித்திருந்தது.
நடுவில் தமிழ்:
தேசிய கவிஞா நினைவுத் தூபி.

கவிஞா.
ரகரம் காலாகிப் போயிருந்தது, தலையில் புள்ளியும் இல்லை.
கல் கொத்தியவனுக்கு ரெண்டும் ஒரே கோடு.
அவனைக் குறைசொல்ல மனம் வரவில்லை;
குறைசொல்லத்தானே விடியற்காலையில் பஸ் ஏறினேன்.
ஏழு பெரிய மனிதரையும் நடுச்சந்தியில் நிறுத்தி
டேய் போடாத குறையாகக் கூப்பிடுகிறது அரசாங்கம்.
அடக்கப் பார்த்தேன். சிரிப்பு வெடித்துவிட்டது.

புறாப் பீ சுரண்டிக்கொண்டிருந்த நகரசபைப் பெண்,
பியசீலி என்று சட்டையில் குத்தியிருந்தது,
என்ன சிரிப்பு என்று சிங்களத்தில் கேட்டாள்.
என் சிங்களம் சந்தைச் சிங்களம்.
கத்தரிக்காய்க்கு விலை பேசும், புள்ளிக்குப் பேசாது.
காற்றில் ஒரு ர வரைந்து மேலே விரலால் குத்தினேன்:
இது இருந்தால் பெரியவர்,
இல்லாவிட்டால் ஏய் இங்கே வா.
யோசித்தாள். பிறகு அவளும்
காற்றில் ஓர் எழுத்து வரைந்து
அதன் தலையில் சின்னதாய் ஒரு கொடி கட்டினாள்.
"ஹல்!" என்றாள்.
அவர்களுக்கும் உண்டாம். எழுத்தின் வாயைப் பொத்த
நமக்குப் புள்ளி, அவர்களுக்குக் கொடி.
கொடியை விட்டுவிட்டு அவள் மகன்
பிரம்படி வாங்கியிருக்கிறானாம்.

பாதையோரக் கல்லுக்குப் பூச வைத்திருந்த
சுண்ணாம்பு வாளியை என் பக்கம் நகர்த்தினாள்.
டிராபிக் பொலிஸ் மறுபக்கம் பார்த்து நின்றார்.
மடுவத்துச் சிலேட்டில் ஆயிரம் தடவை வைத்த கை.
கட்டைவிரல் தோய்த்து
காலின் தலையில் வைத்தேன்.
ஏழு பேரும் எதுவும் சொல்லவில்லை.

நாற்பத்தாறைக் கூப்பிடும்போது மணி மூன்று.
ஒப்பமிடும் இடத்தில் வெள்ளையாக ஓர் அப்பல்.
"இது என்ன?"
சுண்ணாம்பு, ஐயா.
இன்னொரு படிவம் தந்தார்.
இன்னும் இரண்டு கிழமை தந்தார்.
லுணுகலைப் பையனின் தகப்பன் இன்னும் சாவிலேயே இருந்தார்.

நாலு மணி மழை பதுளைக்கு நேரம் தவறாது.
பசறை பஸ் முடக்கில் திரும்பும்போது
ஜன்னலைத் தள்ளிப் பார்த்தேன்.
புள்ளி கரைந்து வெள்ளைக் கோடாய்
ஆங்கிலத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.
கொண்டைக்காரர் மூக்கிலிருந்து சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர்.
எதிர்க் கடைத் தகரத்தின் கீழே
பியசீலி வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தாள்.

"கவிஞா, நனையிறியே" என்றேன்,
ஏழு பேரில் யாரை என்றில்லாமல்.

ஜன்னலைச் சாத்துங்க, சாரல் அடிக்குது என்றார்
பக்கத்து சீட்டுக்காரர்.