கால் ஏக்கர் நீங்கலாக

டன்மோர் கவுண்டி நீதிமன்றத்தின் கீழ்த்தளத்தில்
கணினிக்கு 1983க்கு முன்னால் எதுவும் நினைவில்லை.
அதற்கு முந்தியதெல்லாம் தோள்வலி.
இரும்பு உருளைகள் மேல் படுத்திருக்கும் தொகுதிகளை
ஒவ்வொன்றாய் இழுத்து இறக்கினால்
சட்டையெல்லாம் செந்தூள்,
பழைய தோல் உறை உதிர்க்கும் துரு.

எரிவாயுக் கம்பெனிக்கு ஒரு பெயர் வேண்டும்.
எனக்கு நாள் கூலி,
பெயர் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும்.

அறுபத்திரண்டு ஏக்கர் இன்று லோவெல் ஸ்டேசி பெயரில்.
லோவெலுக்கு அவர் மாமனார் கொடுத்தது,
மாமனாருக்கு ஒரு பலசரக்குக் கடைக்காரர்,
கடைக்காரருக்கு ஏலத்தில் எடுத்தவர்,
ஏலத்துக்கு வந்தது மரக்கம்பெனியிடமிருந்து,
மரக்கம்பெனிக்கு விற்றவள்
ஆர்மிண்டா காம்ப்ஸ், விதவை,
மார்ச் 1910, தொகுதி 37, பக்கம் 212.
இருட்டில் மாடிப்படி இறங்குவது மாதிரி இந்த வேலை.
ஒரு படி இல்லையென்றால் கால் சொல்லிவிடும்.

'வெள்ளை ஓக்கில் மூன்று வெட்டு, அங்கிருந்து
ஓடையோரக் கல்வரை இருபத்திரண்டு கோல்,
பிறகு ஹிராம் வீட்டுப் புகைபோக்கியை நோக்கி'
ஓக் இல்லை. ஹிராம் இல்லை.
புகைபோக்கி நின்ற இடத்தில் நான்குவழிச் சாலை.
கோணமானி வைத்து வரைந்து பார்த்தேன்,
கோடு தொடங்கிய இடத்துக்குத் திரும்பவில்லை,
ஒன்பது அடி குறைகிறது.
எப்போதும் குறையும். அதை யாரும் பெரிதுபடுத்துவதில்லை.

அடுத்த பத்தி, குமாஸ்தாவின் சாய்ந்த எழுத்தில்:
'சாலைக்கு விட்டது நீங்கலாக,
போக வர வழியோடு
என் பிள்ளைகள் மூன்று பேர் கிடக்கும்
கால் ஏக்கரும் நீங்கலாக,
மீதியை மேற்படி மரக்கம்பெனி
புத்திர பௌத்திர பாரம்பரியமாய்
ஆண்டு அனுபவித்துக்கொள்ளவும்.'

கம்பெனிக்கு ஏது புத்திரர்?
குமாஸ்தா பேனாவை நிறுத்தவில்லை.
வழக்கமான வாசகம், அது பாட்டுக்கு வரும்.
கீழே, ஆர்மிண்டாவுக்கும் காம்ப்ஸுக்கும் நடுவில்
அவள் போட்டது ஒரு பெருக்கல் குறி.
ஒரு கோடு மட்டும் தாளைக் கொஞ்சம் கிழித்திருக்கிறது.

1931 பத்திரத்தில் அந்த வரி இருக்கிறது.
1954இல் இல்லை.
யாரும் திருடவில்லை.
முதல் 'நீங்கலாக'விலிருந்து இரண்டாவது 'நீங்கலாக'வுக்குத்
தாவியிருக்கிறது தட்டச்சு செய்தவரின் கண்.
மூலையில் அவர் முதலெழுத்துகள், ஆர்.ஹெச்.
சாப்பாட்டு நேரமாக இருந்திருக்கலாம்.
பின்னால் வந்தவர்கள் அதைப் பார்த்துப் பார்த்து எழுதினார்கள்.
பார்த்து எழுதுகிறவருக்கு
இல்லாதது எப்படித் தெரியும்?

வரிப் பதிவேட்டில் கால் ஏக்கருக்குக் கணக்கே இல்லை.
உயில் பதிவேட்டில் ஆர்மிண்டா இல்லை.
பிள்ளைகளுக்குப் பெயராவது இருக்கும் என்று
கம்பெனி கேட்காததையும் தேடினேன்.
சாவை எழுதிவைக்க இந்தக் கவுண்டி தொடங்கியது 1911இல்.
1910 ஏப்ரலில் கணக்கெடுப்பு ஆள் கேட்டிருக்கிறான்,
பெற்றது எத்தனை? மூன்று.
இருப்பது? கட்டத்துக்குள் ஒரு சுழி.
அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை.
இரண்டு கணக்கெடுப்புகளுக்கு நடுவே
வந்து போயிருக்கிறார்கள் மூவரும்.

வக்கீல் போனில் சிரித்தார்:
"கால் ஏக்கர்தானே. கையெழுத்துப் போட
ஆள் உண்டா இல்லையா, அதைச் சொல்லுங்கள்."
போட்டாயிற்று என்றேன், தொகுதி 37இல்.
அவருக்குப் புரியவில்லை. எனக்கும் பாதிதான்.

படிவத்தை நிரப்பினேன்.
வில்லங்கம்: உண்டு.
எத்தனை என்று ஒரு கட்டம்.
ஒன்று என்று எழுதி
அடித்துவிட்டு
மூன்று என்று எழுதினேன்.

நான்கரைக்கு டெல்மர்
கடைசி வரிசையிலிருந்து விளக்கை அணைத்துக்கொண்டே வந்தார்.
"212க்கு நகல் எத்தனை?"
இரண்டு.
ஒன்று கம்பெனி கணக்கில்.
மற்றதற்கு ஐம்பது சென்ட்,
பார்க்கிங் மீட்டருக்கென்று பையில் வைத்திருந்த
இரண்டு கால் டாலர்.