அறுபதடி

விண்ணப்ப எண் நூற்றுப் பதினேழு.
களஞ்சியக் கொட்டில், பத்துக்குப் பன்னிரண்டு, தகரக் கூரை.
வைக்கப்படும் பொருட்கள் என்ற இடத்தில்
நெல்லு, பசளை, வாட்டர் பம்ப், வலை என்று எழுதி
வலையை மட்டும் வெட்டியிருந்தார்.
அதற்கு வேறு பெர்மிட் வேணும் என்று
யாரோ வெருட்டியிருக்க வேண்டும்.

மோட்டார் சைக்கிளைக் குளக்கட்டில் விட்டுவிட்டு
நாடாவும் படிவமுமாக இறங்கினேன்.
ஆவணி வெயில்.
ஈச்சமோட்டைக் குளம்
தன்னில் பாதியைத் தானே குடித்துவிட்டு நடுவில் கிடந்தது.
அலைகரையில் வெடித்த சேறு, நாலைந்து மாடு,
ஒற்றைச் செருப்பு.

முழுக் கொள்ளளவில் நீர் தொடும் கோட்டிலிருந்து
அறுபதடி தள்ளித்தான் எதையும் எழுப்பலாம்.
படிவத்தில் அந்தக் கோடு நேர்க்கோடு.
இங்கே அது மார்கழியில் படலைவரை வந்து
எட்டிப் பார்த்துவிட்டு
சித்திரையில் சொல்லாமல் போய்விடுகிறது.

எல்லைக்கல் எங்கே என்றேன்.
தவலோஜினி என்னைப் பார்த்தார்.
பிறகு கிணற்றடியைப் பார்த்தார்.
அங்கே ஈரச் சேலையொன்றின் கீழே
திணைக்களத்தின் எழுத்துத் தேய்ந்த கொங்கிறீற் தூண்
சவர்க்கார நுரையோடு படுத்திருந்தது.

"திரும்பி வந்த நேரம் பத்தைக்குள்ள கிடந்தது, சேர்.
தோய்க்க ஒரு கல்லும் இல்லை.
எழுத்து இருந்ததைக் கண்டனான்தான்.
வாசிக்க ஆர் நிண்டது?"

கல்: காணப்படவில்லை, என்று எழுதினேன்.
அதை வெட்டி,
கல்: இடம் மாறியுள்ளது.

கல் இல்லாத இடத்தில்
அலுவலர் தன் கண்மட்டத்துக்குக் கோடு போடலாம்.
அப்படிப் போட்டவை என் புத்தகத்தில் நிறைய.
அக்கரையில், விடுதிக்காரரின் தோணிக் கொட்டிலுக்காக
ஒன்று வளைந்துகூட நிற்கிறது.
அதைப் பற்றி இங்கே வேண்டாம்.

பூவரசில் நாடாவின் நுனியைக் கட்டி
அவர் ஏற்கெனவே நாட்டியிருந்த முன்தூண்வரை இழுத்தேன்.
அறுபத்திரண்டு.
போதும் என்று பேனையைத் திறந்தபோது
"இல்லை சேர், தண்ணி இதுவரைக்கும் வரும்" என்று
ஆறடி மேலே ஏறி
மருதமரத்தில் கைவைத்தார்.
பட்டையில் மண்நிறத்தில் ஒரு வரி.
வேருக்குள் வெளுத்த நத்தைக் கோதுகள்.
"முந்தின வருஷம் கோழிக்கூடு மிதந்தது.
நெல்லு நனைஞ்சால்
நீங்களோ வந்து காயப்போடப் போறியள்?"

ஐம்பத்தாறு.
நாலடி குறைவு.
நான் கேட்கவே இல்லை. அவராகவே சொன்னது.

பின்னுக்குத் தள்ள வழியில்லை:
பின்னால் மலசலகூடக் குழி,
அதற்கும் ஒரு தூரம் எழுதியிருக்கிறது.
ஆகவே பத்தடி ஆறடியானது.
முன்தூண் இரண்டையும் அவரே ஆட்டிப் பிடுங்கினார்.
குழிகளில் இன்னும் ஈரம் இருந்தது.

ஏழாம் பிரிவை வாசித்துக் காட்டுவது என் கடமை:
களஞ்சியத்தில் எவரும் வசிக்கவோ
உறங்கவோ கூடாது.
அவர் சிரிக்கத் தொடங்கினார்.
"இதிலும் சின்னதில ஏழு பேர் படுத்தனாங்கள், சேர்.
தறப்பாளுக்கு நம்பரும் போட்டுத் தந்தவை.
அப்ப இந்த ஏழாம் பிரிவு எங்க படுத்திருந்தது?"
எனக்கும் தெரியவில்லை.
நான் அப்போது வவுனியாவில்
உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன்.

ஒப்பம் வைத்தார். ஒவ்வொரு பக்கத்திலும்,
தேவையில்லாத பக்கத்திலும்.
பிறகு தூண் குழிகளைக் காலால் மூடியபடி
"வலைக்கு இனி இடமில்லை" என்றார்.
"அது வீட்டுக்குள்ள படுக்கலாம்தானே?
அதுக்கும் பிரிவு இருக்கோ?"

புறப்படுமுன் எல்லைக்கல்லைத் தூக்கிப் பார்த்தோம்,
ஆளுக்கொரு முனையில்.
முழங்கால் உயரம் வந்தது.
"அப்ப நாளைக்கு எதில தோய்க்கிறது?"
இறக்கி வைத்தோம்.

எல்லைக்கல் மீள நாட்டப்பட வேண்டும்,
என்று எழுதினேன்.
திகதி என்ற கட்டத்தில்
ஒரு துளி சவர்க்கார நீர் விழுந்து
மை ஏறவில்லை.